பின் தகட்டில் இருபத்தொரு ஸ்பொட்

அன்றைக்கு அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டு அறையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளுக்கொரு கதை சொல்லக் கூடாது பாருங்கள். பெண்ணின் அப்பா, தோட்டத்தில் முப்பது வருசம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் அம்மா. கூறைச் சேலையில் கல்யாணப் பெண். தோட்டத்துக் கோயில் பூசாரி. அவர் பாதியில்தான் வந்தார், ஆனாலும் இருந்தார். நான். ஆக ஐந்து பேர். மாப்பிள்ளையின் தாய்மாமனைச் சேர்த்தால் ஆறு. அவரை அறையில் இருந்தவர் என்று எழுதலாமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. அவர் அலுமாரிக்குள் இருந்தார். அவருடைய சட்டைப் பையில் தாலி இருந்தது. முகூர்த்தம் முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அலுமாரியைச் செய்தவன் நான்.

பதுளையில் பசார் பக்கம் இருக்கிற ஒரு தகட்டு வேலைப் பட்டறையில் எனக்கு வேலை. முதலாளி முஸ்லிம்; அவரை அண்ணன் என்கிற முறையில் நானா என்று கூப்பிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவனுக்குத் தொழிலைக் கையில் பிடித்துக் கொடுத்தவர் அவர். ஆனால் அவர் கொடுத்த தொழில் என் சுபாவத்துக்கு ஏற்றது இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அடுப்பை அணைத்தேனா என்று இறங்கிப் போய்ப் பார்க்கிறவன் நான். பூட்டிய பூட்டை இரண்டாம் தரம் இழுத்துப் பார்க்காமல் எந்த வாசலையும் விட்டு நகர்ந்ததில்லை.

இரும்பு அலுமாரி ஆணியில் நிற்பதில்லை. இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் இரண்டு செம்பு முனைகளால் நெருக்கிப் பிடித்து, பெடலை மிதித்தால் கண் சிமிட்டும் நேரத்துக்குக் கரண்ட் பாயும். தகடுகளுக்கு நடுவில் பயறு அளவு இரும்பு உருகி, உடனே உறைந்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். வெளியே பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு சின்ன வட்டம் தெரியும். அதுதான் ஸ்பொட். உள்ளே இரும்பு நிஜமாகவே உருகியதா, சும்மா சூடாகி ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று அந்தத் தழும்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரித்துவிட்டால் ஒட்டு இருக்காது. என்னைப் போன்ற ஒருவன் இதை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவான்?

அதனால் தினமும் காலையில் இரண்டு துண்டுத் தகட்டை எடுத்து, ஒரு ஸ்பொட் போட்டு, ஒன்றை இடுக்கியில் பிடித்து, மற்றதைக் குறட்டால் ஓரத்திலிருந்து தூக்கி உரித்துப் பார்ப்பேன். நல்ல ஸ்பொட் என்றால் அது விடாது. பக்கத்தில் இருக்கிற தகட்டைத்தான் கிழித்துக்கொண்டு வரும். ஒரு துண்டில் ஓட்டை விழும், மற்றதில் பொத்தான் மாதிரி ஒரு குமிழ் நிற்கும். கெட்ட ஸ்பொட் 'டிக்' என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் வழுவழுவென்று பிரியும். கிழிந்தால் எனக்குச் சந்தோஷம். ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும் என்பார் நானா. நான் ஏழு, எட்டு கிழிப்பேன்.

கணக்கப்பிள்ளை மகளுக்குச் சீராகக் கொடுக்கிற அலுமாரி. விலை ஐம்பத்தீராயிரம், முன்பணம் இருபத்தைந்தாயிரம். நீளக் கண்ணாடி வைத்த கதவு. ஒரு பக்கம் தட்டுகள், மறுபக்கம் சேலை தொங்கவிட ஆள் உயரத்துக்கு வெறும் இடம். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பின் தகட்டை ஒட்டும்போதுதான் பக்கத்துக் கடையில் மிளகாய் அரைக்கிற மில் ஓடத் தொடங்கியது. அந்த மில் ஓடினால் எங்கள் பட்டறையில் பல்பு மங்கும். கரண்ட் குறைந்தால் ஸ்பொட் வேகாது. நான் அதைக் கவனிப்பதற்குள் சாணுக்கு ஒன்றாக வரிசையைப் போட்டு முடித்திருந்தேன். எது மில்லுக்கு முன், எது மில்லுக்குப் பின் என்று எனக்குக் குழம்பிவிட்டது. மில் நின்றதும், இருந்த ஒவ்வோர் இரண்டு ஸ்பொட்டுக்கும் நடுவில் இன்னொன்று போட்டுக்கொண்டே வந்தேன்.

நானா வந்து பார்த்தார். "என்ன மகன், தகடு ஒட்டுறியா, இடியப்பத் தட்டுக்கு ஓட்ட போடுறியா?"

"ஒரு பாதுகாப்புக்கு, நானா."

"கிட்டக் கிட்டப் போட்டா கரண்ட் பழைய ஸ்பொட்டு வழியாலதான் ஓடும். புதுசு வேகாது. சும்மா தழும்புதான் மிச்சம்."

இருந்தாலும் போட்டு முடித்தேன். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் எனக்கு மூச்சு நன்றாக வரும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு லொறியில் ஏற்றி அனுப்பினோம். கல்யாணத்தன்று காலையில், அழைப்பு இருக்கிறதே என்று நானும் பஸ் ஏறித் தெமோதரையில் இறங்கி மேலே நடந்தேன். பையில் வேட்டி ஒன்று, குறடு, சுத்தியல், தட்டை உளி. கல்யாணத்துக்குக் குறடு எதற்கு என்று கேட்கலாம். போகிற வழியில் லொறி குலுங்கியிருக்கும் அல்லவா? ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டால் பந்தியில் நிம்மதியாக உட்காரலாம் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் லயத்துக்குக் கீழே இருந்த கோயிலில் இறங்கியிருந்தார்கள். தாய்மாமன் மட்டும் பெண்ணை அழைத்துப் போக மேலே வந்தார். தாலியை யாரிடமும் நம்பிக் கொடுக்க மாட்டார் என்றும், காலையிலிருந்து சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார் என்றும் கணக்கப்பிள்ளை என் காதில் சொன்னார். அப்படிப்பட்டவர் சீர் சாமானைப் பார்க்காமல் விடுவாரா? அலுமாரியைச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் தட்டினார்.

"தகரம் சத்தம் போடுதே, சம்மந்தி."

"எல்லாத் தகரமும் சத்தம் போடுங்க மாமா," என்றாள் பெண்.

"பேசுற பொண்ணுதான். ஆனா கேளும்மா, எங்க மூத்த மருமகனுக்கு வந்த அலுமாரி ஒரே வருசத்துல முதுகு கழண்டு விழுந்துருச்சு. அதனால நான் இப்பல்லாம் வாய்ப் பேச்ச நம்புறதில்ல." என்னைப் பார்த்தார். "இது தாங்குமா தம்பி?"

தாங்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாயில் அது வரவில்லை. "தாங்கணுங்க," என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலை தொங்குகிற பக்கத்தில் ஏறி நின்றார். "நான் எண்பத்தஞ்சு கிலோ. முதுகால தள்ளுறேன். கதவச் சாத்துங்க. பூட்டுங்க. அரைகுறையாப் பாக்குற ஆளு நான் இல்ல."

கணக்கப்பிள்ளை கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார். உள்ளிருந்து தொம், தொம், தொம் என்று மூன்று தள்ளல். அலுமாரி அசைந்தது, எதுவும் பிரியவில்லை. "பாஸ்!" என்று குரல் வந்தது. என் வாழ்க்கையில் என் வேலைக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது. கண் கலங்கிவிட்டது எனக்கு. அந்த நிமிஷத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஆனால் பூட்டு ஒழுங்காக விழுந்ததா என்று ஒரு சந்தேகம். சாவியைப் பிடித்து இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

சாவி கையோடு வந்தது. பாதிதான் வந்தது.

"சரி, தொறங்க," என்றார் மாமா.

நான் பாதிச் சாவியைக் கணக்கப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் மனைவியிடம் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். கைப்பேசியில் மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "ஒங்க மாமா அலுமாரிக்குள்ள இருக்காரு. இல்லங்க, ஒளிஞ்சு வெளையாடல. தாலியும் அவருகிட்டதான். ஆமா, அந்த அலுமாரிதான். எனக்கு என்ன தெரியும், ஒங்க மாமாதானே!"

பூட்டை உளியால் அடித்து உடைக்கலாம் என்று சுத்தியலை எடுத்தேன். அம்மா கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "கல்யாண வீட்டுல கண்ணாடி ஒடஞ்சா என் பொண்ணு வாழ்க்க என்னாகும்? இந்தக் கண்ணாடியில ஒரு கீறல் விழுந்தா நான் கல்யாணத்தையே நிறுத்திப்புடுவேன்."

மிச்சம் இருந்த ஒரே வழி பின்பக்கம். பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருந்தது. அலுமாரியைத் திருப்ப வேண்டும். உள்ளே எண்பத்தைந்து கிலோ. கணக்கப்பிள்ளை ஒரு மூலை, நான் ஒரு மூலை, அம்மா ஒரு மூலை, கூறைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பெண் ஒரு மூலை. இழுக்க இழுக்க மாமா உள்ளே இருந்து, "கெழக்கப் பாத்தா நிக்கிறேன்? நல்ல காரியம், தெக்கப் பாத்து மட்டும் நிறுத்திடாதீங்க!" என்றார். மூச்சு முட்டிச் செத்துவிடுவாரோ என்று கதவிடுக்கில் வாயை வைத்துக் கேட்டேன்.

"மாமா, உள்ள காத்து இருக்குங்களா?"

"காத்து இருக்கு தம்பி. மரியாததான் இல்ல."

பின் தகடு வெளிச்சத்துக்கு வந்தது. வரிசையாக என் தழும்புகள். உளியை இடுக்கில் வைத்துத் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளி அடித்தேன். அடித்த சத்தத்தில் மாமா கத்தினார். ஸ்பொட் ஒன்றுகூட அசையவில்லை. நானாவுக்குப் போன் போட்டேன்.

"நானா, அந்தக் கணக்கப்பிள்ளை அலுமாரியைப் பின்னால பிரிக்கணும். அவசரம்."

"ஏன், என்ன நடந்த?"

"மாப்பிள்ளையோட தாய்மாமன் உள்ள இருக்காரு."

"அலுமாரி ஆடாம இரிக்க எடைக்கு வெச்சீங்களா?"

"நானா, முகூர்த்தம் போகுது!"

"ஒன்ட கவல இரிக்கே, அது ஒன்னய நல்லா இரிக்க விடாது மகன். பக்கத்துக்குத் தள்ளினா ஆன வந்தாலும் ஸ்பொட்டு விடுமா? மூலையத் தூக்கு. தூக்கி உரி. ஒன்னு ஒன்னா. ஒவ்வொரு நாளும் காலையில என்னத்தடா செய்யிற நீ?"

அதுதான். தினமும் காலையில் செய்கிற அதே வேலை. ஒரு சின்ன வித்தியாசம், பட்டறையில் துண்டுத் தகட்டுக்குப் பின்னால் ஆள் நிற்பதில்லை.

கீழ் மூலையை உளியால் நெம்பி, குறட்டால் பிடித்துத் தூக்கினேன். முதல் ஸ்பொட் மில்லுக்கு முன் போட்டதாக இருக்க வேண்டும். கிறீச் என்று முனகி, வளைந்து, கடைசியில் தகட்டையே கிழித்துக்கொண்டு வந்தது. மூன்று நிமிஷம் போயிருக்கும். அடுத்தது நான் பாதுகாப்புக்குப் போட்டது. குறடு பட்டதும் 'டிக்'. போய்விட்டது. அதற்கடுத்தது மறுபடியும் முனகல், மூன்று நிமிஷம். நாலாவது, டிக்.

நானா சொன்னது அப்படியே நடந்தது. மில்லைக் குற்றம் சொல்ல வழியில்லை. மில் ஓடியபோது போட்டதெல்லாம் நன்றாகத்தான் வெந்திருந்தது. என் கவலை போட்டது மட்டும்தான் வேகவில்லை.

உள்ளே இருப்பவருக்கு அது வெளியே இருந்த எங்களைவிடத் தெளிவாகக் கேட்டது. "தம்பி, இது அழுதுக்கிட்டுப் போச்சு. இது நல்லது." டிக். "இது பொய்!" கிறீச். "இது நல்லது." டிக். "மறுபடியும் பொய்! சம்மந்தி, கேட்டீங்களா? ஒண்ணு விட்டு ஒண்ணு பொய்யி!"

கணக்கப்பிள்ளைக்கு அதுவரை முகம் செத்துப் போயிருந்தது. 'பொய்' என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. முப்பது வருசம் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கணக்கு எழுதியவர். சட்டைப் பையிலிருந்து பேனாவையும், மேசையிலிருந்து ஒரு கல்யாண அழைப்பிதழையும் எடுத்தார். அதன் பின்பக்கத்தில் கோடு கிழித்து, ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் பொய் என்று குறிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் பூசாரி மேல்மூச்சு வாங்க வந்தார். "தாலி எங்க?"

நாலு பேரும் அலுமாரியைக் காட்டினோம்.

"பொண்ணக் கூட்டிப் போக வந்த தாய்மாமன் எங்க?"

மறுபடியும் அலுமாரியைக் காட்டினோம். பூசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தகட்டின்மேல் கொஞ்சம் திருநீறு போட்டார்.

ஒன்பதாவதில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. "மாமா, தாலிய மட்டும் இப்பிடிக் குடுத்துருங்க. நாங்க போயிக் கட்டிக்கிறோம். நீங்க மெதுவா வாங்க," என்றாள் பெண்.

"நல்லாருக்கே! தாலிய வாங்கிக்கிட்டு, கட்டி முடிச்சு, பந்தியும் போட்டு, கடைசி எலையும் எடுத்தப்புறந்தான் என் ஞாபகம் வரும். தாலி போற எடத்துக்கு நானும் போவேன்."

"அண்ணே, நேரம் போகுதே!" என்று அம்மா அழத் தொடங்கினார்.

"போகட்டும். நானும் இங்கதானே இருக்கேன்." கொஞ்சம் கழித்து, "வட சுட்ட வாசம் வருது," என்றார்.

இடைவெளி வழியாக ஒரு வடை உள்ளே போனது. கொஞ்சத்தில் மாமாவின் வெறுங்கை வெளியே வந்தது. இரண்டாவது வடைக்காக.

எனக்கு நடந்ததை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினாலு வருசமாக என் ஸ்பொட் எதுவும் விடக் கூடாது என்று கும்பிட்டவன் நான். அன்றைக்கு ஒவ்வொரு முறையும் குறட்டை வைக்கும்போது, இது பொய்யாக இருக்க வேண்டும் சாமி, இது வேகாமல் இருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். நல்ல ஸ்பொட் முனகும்போதெல்லாம் பூசாரியின் கடிகாரம் என் முதுகில் ஓடுவது போல இருந்தது. டிக் என்றதும் அந்த அறையில் இருந்த எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டோம். வேலை கெட்டதற்காக நாலு பேர் சந்தோஷப்பட்டதைத் தொழிலில் நான் பார்த்தது அது ஒரு தரம்தான்.

இருபத்தொன்றாவது ஸ்பொட் கிழிந்ததும், தகட்டைப் புத்தகத்தின் பக்கம் மாதிரி மடக்கினேன். மாமா முதுகுப் பக்கமாக வெளியே வந்தார். கிழிந்த குமிழ் ஒன்றில் சட்டை மாட்டி, தோளிலிருந்து இடுப்பு வரை பிளந்தது. அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். செருப்பைக்கூடப் போடவில்லை. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினார்; பின்னால் பூசாரி, அவருக்குப் பின்னால் அம்மா. கணக்கப்பிள்ளை மட்டும் நின்று, தகட்டில் இருந்த தழும்புகளை ஒரு தரம் எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்தார்.

தாலி கட்டியபோது பூசாரியின் கடிகாரத்தில் முகூர்த்தம் முடிய நாலு நிமிஷம் இருந்தது. கணக்கப்பிள்ளையின் கடிகாரத்தில் முடிந்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. பூசாரியின் கடிகாரத்தையே கணக்கில் எடுப்பது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். நான் பின் வரிசையில் குறட்டோடு நின்றேன். மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போடும்போது, பெண் திரும்பி மாமாவின் பிளந்த சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் குறட்டைப் பைக்குள் போட்டேன்.

அடுத்த வாரம் புதுப் பூட்டும் நட்டு போல்ட்டும் கொண்டுபோய், கிழிந்த ஓட்டைகளிலேயே போல்ட் போட்டு, அலுமாரியைச் சரி செய்து கொடுத்தேன். கூலி கேட்கவில்லை. மிச்ச இருபத்தேழாயிரத்தை மட்டும் கேட்டேன். கணக்கப்பிள்ளை அழைப்பிதழை எடுத்து விரித்தார்.

"பிரிச்சது இருபத்தொண்ணு. நல்லது பதினொண்ணு. பொய் பத்து. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கிறமா இல்லியா? நல்ல கொழுந்துக்குத்தானே சம்பளம்? இருபத்தேழாயிரத்துல இருபத்தொண்ணுக்குப் பதினொண்ணு பங்கு. பதினாலாயிரத்து நூத்தி நாப்பத்திரெண்டு ரூவா எம்பத்தாறு சதம். பதினாலு சதம் சேத்து முழுசாத் தாறேன், ஒனக்காக."

"ஐயா, அந்தப் பத்தும் நான் சும்மா மேலதிகமாப் போட்டது. அதுக்குக் காசே கேக்கல."

"கேக்காமப் போட்டது ஒன் தப்பு. கொழுந்துல எட கூட்டத் தண்ணி ஊத்துறாங்களே, அதையும் யாரும் கேட்டா ஊத்துறாங்க?"

பட்டறைக்குத் திரும்பி நானாவிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. "மகன், இருபத்தொன்னும் நல்ல ஸ்பொட்டா இருந்தா மூணு மூணு நிமிசமா ஒரு மணித்தியாலத்துக்கு மேல போயிரிக்கும். கலியாணம் நடந்திரிக்காது. அந்தப் பத்துப் பொய்யாலதான் நடந்த. போய் அதச் சொல்லு."

நல்ல நியாயமாகப் பட்டது. மறுபடி பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். கணக்கப்பிள்ளை யோசித்தார். நியாயம் என்று ஒத்துக்கொண்டார்.

"அப்ப கல்யாணத்தத் தாமதமாக்குனது அந்தப் பதினொண்ணு நல்லதுதான். அதுக்குத்தான் கழிக்கணும். பத்துக்குக் கணக்குப் போட்டா ஒனக்குப் பன்னெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பத்தேழுதான் வருது. மேல குடுத்தது ஆயிரத்து எரநூத்தி எம்பத்தாறு. எப்பத் திருப்பித் தாற?"

சம்மந்தி வீட்டு விருந்துக்கு வந்திருந்த மாமா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "நான் உள்ள இருந்து கேட்டவன். என்கிட்டச் சாட்சி கேளுங்க," என்றார்.

முதல் கணக்கே சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வாசலைத் தாண்டிய பிறகு, அலுமாரிக்கு மாட்டிய புதுப் பூட்டை ஒழுங்காக முடுக்கினேனா என்று ஒரு சந்தேகம் வந்தது. திரும்பிப் போகவில்லை. வாங்கிய பதினாலாயிரத்து நூற்று நாற்பத்து மூன்று போக, அந்த வீட்டிலிருந்து எனக்கு வர வேண்டிய பாக்கி இன்றுவரை பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு ரூபாய்.